ஐந்தடி எட்டங்குலம்

கூடுவாஞ்சேரி
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். படித்துவிட்டுக் கிழியுங்கள். ஜாஸ்மின் கல்யாணத்தில் நமக்குள் நடந்ததற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். பம்மலுக்கு நேரில் வர எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் தபால்.

ஏசுபாதம் அண்ணனைப் பற்றிய விஷயம்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் ஒருவரைச் சேர்த்தோம். கேசவன் என்று பெயர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஹேமாவதி அவருடைய எக்ஸ்ரேயைப் பயிற்சி டாக்டர்களிடம் காட்டி, ஆளைப் பார்க்காமல் வயது சொல்லச் சொன்னார். அறுபது என்றார்கள். ஒரு பெண் அறுபத்தைந்து என்றாள். டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தொன்பது.

"எலும்பு தினமும் கொஞ்சம் அரிச்சு, கொஞ்சம் புதுசா கட்டிக்கிட்டே இருக்கும். சுமை விழுற இடத்துல நிறைய கட்டும், ஓரத்துல முள்ளு முள்ளா வளரும். சின்ன வயசுல சுமக்க ஆரம்பிச்சவங்களுக்கு இன்னும் சீக்கிரம்" என்றார். "உங்க புக்ல இருக்கிற படமெல்லாம் வேற நாட்டு ஆளுங்க எலும்பு. வேற சாப்பாடு, வேற வேலை. அதை வெச்சு இங்க வயசு சொன்னா தப்பாத்தான் போகும்."

பக்கத்துக் கட்டிலில் ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது.

2016 பிப்ரவரி உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளத்தில் உடைந்த ஏரிக்கரையைச் சரிசெய்ய இங்கே ஜேசிபி இறங்கியபோது எலும்புகள் கிடைத்தன. காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் வீட்டை விட்டுப் போய் அப்போது ஒன்றேகால் வருஷம். ரிப்போர்ட்டில் ஆண், வயது ஐம்பதிலிருந்து அறுபது, உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்று இருந்தது. அண்ணனுக்கு முப்பத்தேழு, ஐந்தடி ஐந்து. நம் ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. டாக்டர் ஹேமாவதியிடம் காட்டினேன். தொடை எலும்பின் நீளத்தை ஒரு எண்ணால் பெருக்கி இன்னொரு எண்ணைக் கூட்டித்தான் உயரம் சொல்கிறார்களாம். அந்த எண் வெள்ளைக்காரர்களை அளந்து போட்டது. நம் ஆட்களுக்கு உயரத்தோடு ஒப்பிட்டால் கால் நீளம். அதே கணக்கைப் போட்டால் உயரம் கூடுதலாக வரும். நம் ஊர்க் கணக்குப்படி போட்டுப் பார்த்தார். ஐந்தடி நாலிலிருந்து ஐந்தடி ஆறு.

அண்ணன் பதினோரு வயதில் திரிசூலம் கல்குவாரிக்குப் போனவர். அவர் முதுகும் கேசவன் முதுகு மாதிரிதானே இருந்திருக்கும்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் உறுதியாகிவிடும். பெற்ற பிள்ளையின் ரத்தம் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஜாஸ்மினிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஞானஜோதி

*

பம்மல்
21 ஜூன் 2025

ஞானஜோதி சிஸ்டர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில். அப்புறம் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஜோடி ஷூவுக்கு இடது கால் தோலையே இரண்டு தடவை தைத்து வைத்தேன். சூப்பர்வைசர், "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா, லீவு போட்டுக்கினு போ" என்றாள். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை படித்தேன்.

எழுதிக் கொடுத்துவிட்டு "வந்தோம்" என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே வந்தேன். ஸ்டேஷன் வாசலில், பறிமுதல் செய்த வண்டிகள் பக்கத்தில் வெயிலில் நின்றேன். எஸ்.ஐ. வெளியே வந்து, "ஒருத்தரு போதும். இதெல்லாம் பாத்தா மயக்கம் போட்டுடுவீங்க. நர்ஸம்மா, நீங்க வாங்க" என்றார். நீ உள்ளே போகும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். வலது கையைப் பார் என்று. பதிமூன்று வயதில் கல் விழுந்து உடைந்த கை. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டு அது கோணலாகவே கூடியது. சட்டைக் கையை நான் மடித்துவிடாமல் அவரால் பட்டன் போட முடியாது. எல்லா ஆண்பிள்ளைக்கும் அப்படியா இருக்கும்.

வெளியே வந்து நீ தலையை ஆட்டினாய். "இல்ல அண்ணி, அது வேற யாரோ வயசான ஆளு" என்றாய். படித்தவள், நர்ஸ், நீ சொன்னதை நம்பினேன். அன்றைக்குத்தான் முதல் முதலாக, இந்த மனுஷன் உயிரோடு இருக்கிறான், என்னை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிறான் என்று எனக்குள் உறுதியானது. அதுவரை அழுதுகொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாளில் எங்கள் தெரு தனசிங், ஓசூரில் அவரை ஒரு பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னான். அதையும் நம்பினேன். நம்புவதற்கு லேசாக இருந்தது.

இப்போது முதுகைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் போவதற்கு முன்னால் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. பாயில் ஒருக்களித்தே படுத்துக் கிடந்தார். "முதுகு தாங்கல கிறிஸ்டி" என்பார். முப்பத்தேழு வயது ஆளுக்கு என்ன முதுகு வலி. நடிப்பு என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "பொம்பள நான் தைச்சு கொட்டணும், நீ படுத்துகினு துன்னணும்" என்றேன். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். அதையும் நடிப்பு என்றேன்.

அறுபது வயது முதுகு என்று இப்போது எழுதுகிறாய்.

உன்னிடம் இரண்டு கேள்வி. கையைப் பார்த்தாயா. இன்னொன்று, நம் ஆள் இல்லை என்று முடிவு செய்த ஒரு ரிப்போர்ட்டை ஒன்பது வருஷம் எதற்குப் பத்திரமாக வைத்திருந்தாய்.

கிறிஸ்டினா

*

கூடுவாஞ்சேரி
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

என்னை சிஸ்டர் என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை.

டாக்டர் ஹேமாவதியிடம் மறுபடியும் பேசினேன். ரிப்போர்ட் எழுதிய டாக்டர்மேல் குற்றம் இல்லை, அவர் படித்ததைத்தான் செய்திருக்கிறார் என்கிறார். முதுகெலும்பின் ஓரம் வளர்ந்திருக்கிறது, இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, அதனால் வயது ஐம்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறது. ஆனால் வளர்கிற வயதில் கல் சுமந்த உடம்பு வேறு மாதிரி கட்டிக்கொள்ளும். அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாறை ஏறி இறங்கியிருப்பார் என்று யார் ரிப்போர்ட்டிலும் வராது. அவர் சுமந்தது எனக்காக என்பதும் வராது. என் நர்சிங் படிப்பு முடிகிற வரை அவர் ஒரு நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று மேஜைமேல் நிறைய எலும்புகள் இருந்தன. எல்லாம் சேறு. எஸ்.ஐ. அவசரப்படுத்தினார். எனக்குச் சரியாக நினைவில்லை. ரிப்போர்ட்டை வைத்திருந்தது பழக்கம்தான். ஆஸ்பத்திரி வேலையில் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடத் தோன்றாது.

கூடுவாஞ்சேரி ஏரிக்கரைக்கு அண்ணன் ஏன் வந்தார் என்று போலீஸ் கேட்கலாம். இங்கே அப்போது பிளாட் போடுகிற வேலை நிறைய நடந்தது. வேலை தேடி வந்திருப்பார் என்று சொல்லலாம்.

ஜாஸ்மினிடம் சொல்லிவிட்டீர்களா. தாமதம் செய்ய வேண்டாம்.

ஞானஜோதி

*

பம்மல்
3 ஆகஸ்ட் 2025

ஜோதி,

ஜாஸ்மினிடம் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முடிகிற வரை கேட்டாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, "அப்ப அப்பா எங்களை விட்டுட்டுப் போகலையா" என்று கேட்டாள். இருபத்துமூன்று வயதுப் பெண் பன்னிரண்டு வயதுக் குரலில் கேட்டாள்.

அவளே மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நான்கு நாள் அலைந்தாள். இப்போது இருக்கிற இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பழைய ஃபைலைத் தேடி எடுக்கச் சொன்னாராம். ஏட்டு தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்ததும், ஜாஸ்மின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். தொடை எலும்பும் ஒரு பல்லும் மட்டும்தான் லேபில் இருக்கிறதாம். மீதி எல்லாவற்றையும் யாரும் கேட்கவில்லை என்று எங்கேயோ புதைத்துவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டாள்.

அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தேன். நீ உன் கடிதங்களில் சொல்லாத ஒரு பக்கம் அதில் இருக்கிறது. என்னென்ன எலும்பு கிடைத்தது என்று வரிசையாக எழுதிய பக்கம். கடைசி வரியை ஜாஸ்மின் எனக்குத் தமிழில் சொன்னாள். வலது முன்கை, இரண்டு எலும்பும், பழைய முறிவு, கோணலாகக் கூடியது. அதற்குக் கீழே, காணாமல் போனவரின் தங்கைக்குக் காட்டப்பட்டது, தன் அண்ணன் இல்லை என்கிறார். அதற்குக் கீழே உன் கையெழுத்து.

இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடம்கூட இல்லை ஜோதி.

நினைவில்லை என்று எழுதினாய். நீ ஒரு நர்ஸ். அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வளர்ந்தவள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஜாஸ்மின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடவில்லை. ஓடிப் போனவன் பெயர் எதற்கு என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நீ என் முகத்துக்கு நேரே பத்திரிகையை நீட்டி, "எங்க அண்ணன் உசுரோட கீறாரு. உன் வாய்க்குப் பயந்துதான் ஓடினாரு. பேரை எடுத்துட்டா செத்துருவாரா" என்று கேட்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் மாலையோடு நின்று கேட்டாள்.

எல்லாம் தெரிந்துதான் கேட்டாயா. அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம். எலும்புப் பாடம் வேண்டாம்.

கிறிஸ்டினா

*

கூடுவாஞ்சேரி
31 ஆகஸ்ட் 2025

அண்ணி,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

கையைப் பார்த்தேன். மேஜைமேல் முதலில் பார்த்ததே அதைத்தான். எஸ்.ஐ. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, டாக்டரு அஞ்சு எட்டுன்னு எயுதிக்கிறாரு. அம்பது அறுவது வயசு ஆளுன்றாரு. உங்க அண்ணன் எவ்ளோ?" என்று கேட்டார். ஐந்தடி ஐந்து, முப்பத்தேழு என்றேன். "அப்ப உங்க ஆளு இல்லல்ல?" என்றார். இல்லை என்றேன். எனக்கு அந்த ரிப்போர்ட் ஒரு சாக்காகக் கிடைத்தது. டாக்டரே எழுதியிருக்கிறார், நான் யார் மாற்றிச் சொல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காகத்தான் அந்தக் காகிதத்தை வைத்திருந்தேன். சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்து அந்த உயரத்தைப் படிப்பேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதாமல் இதை முடிக்க முடியாது.

2014 நவம்பர் பதினான்காம் தேதி, நீங்கள் சண்டை போட்ட அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு அண்ணன் இங்கே வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேராக நிற்க முடியவில்லை. "ஜோதி, ஒரு வாரம் இங்க தங்கிக்கினு போறேன். முதுகுக்கு உங்க ஆஸ்பத்திரில காட்டு" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். எட்மண்ட் வீட்டில் அண்ணன் காண்டிராக்டர் என்று சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு அவருக்கு நானே பேன்ட் சட்டை எடுத்துக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு லுங்கியோடு, நனைந்து, கைகால் எல்லாம் சேறாக வந்து நிற்கிறார். மாமியார் உள்ளேயிருந்து, "யாரு ஜோதி அது?" என்று கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி பேஷண்ட்டு அத்தை. டாக்டர் நம்பர் கேக்கறாரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "சரி சிஸ்டர்" என்றார். சிஸ்டர் என்றுதான் சொன்னார். திரும்பி, ரயில்வே ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழியாக ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். நான் கேட்டைச் சாத்தினேன்.

மறுநாள் அவரே போன் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. பத்து நாள் கழித்து நீங்கள் போலீஸில் எழுதிக் கொடுத்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்பீர்கள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டேன். அப்புறம் எலும்புகள் கிடைத்தன. அது அண்ணன் என்றால், நான் சாத்திய கேட்டிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் கிடந்திருக்கிறார். ஒன்றேகால் வருஷம் நான் அந்தக் கரை வழியாகத்தான் டூட்டிக்குப் போய் வந்தேன்.

கல்யாண மண்டபத்தில் தெரிந்துதான் கேட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று யார் முன்னாலாவது சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பழியை உங்கள்மேல் போட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும்.

போன திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடம் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என்ன நடவடிக்கை என்று இன்னும் சொல்லவில்லை. எட்மண்டிடமும் சொன்னேன். அவர் என்னோடு பேசுவதில்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களிடம் சொல்ல வழியில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜோதி

*

பம்மல்
2 நவம்பர் 2025

ஜோதி,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

டி.என்.ஏ. முடிவு அக்டோபர் ஒன்பதாம் தேதி வந்தது. அவர்தான். உனக்கும் ஸ்டேஷனிலிருந்து சொல்லியிருப்பார்கள். எப்படி இறந்தார் என்று சொல்ல முடியாதாம். தொடை எலும்பிலும் பல்லிலும் அது தெரியாதாம். வழுக்கி விழுந்தாரா, முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போனதா, வேறு ஏதாவதா. ஜாஸ்மின் எல்லோரிடமும் கேட்டாள். நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அடக்கம் செய்தோம். உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேண்டுமென்றேதான். ஒரு அட்டைப் பெட்டியில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். மருமகன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான். கல்லறையில் குழி வெட்டுகிறவர், "இத்தினி பொட்டிக்கு சின்னதா தோண்டினா போதும்லம்மா" என்றார். ஆள் நீளத்துக்கு வெட்டச் சொன்னேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். அரை நாள் ஆனது. கல்லும் மண்ணுமாக வந்தது. அவ்வளவு பெரிய குழியில் அந்தப் பெட்டி ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. தனசிங் வந்திருந்தான். ஓசூரில் பார்த்தது வேறு யாரையோ, தூரத்திலிருந்து அப்படித் தெரிந்தது என்றான். சரி என்றேன்.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். எல்லாப் பெண்களும் அவரவர் ஆட்களைப் பற்றி ஏதேதோ பேசி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்பது வருஷம் இந்த மனுஷனைத் திட்டாத நாள் இல்லை. சோறு பொங்கும்போது, மிஷின் மிதிக்கும்போது, ஜாஸ்மின் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் கல்யாணத்தில் தனியாக நின்றபோது. நாசமாய்ப் போகட்டும் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. அப்போதெல்லாம் அவர் எலும்பாக லேபில் கிடந்தார், மீதியை யாரோ எங்கேயோ புதைத்திருந்தார்கள். இப்போது அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை.

உன் டாக்டர் சொன்ன கணக்குமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். எங்கேயோ யாரோ, எந்தக் காலத்திலோ, வேறு ஆட்களை அளந்து போட்ட கணக்கு. அவர்களுக்கு என்னையும் தெரியாது, திரிசூலமும் தெரியாது. அவர்கள்மேல் கோபம் நிற்கவில்லை. என்மேலும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். சுவரைப் பிடித்து எழுந்தவரை நடிப்பு என்று சொன்னதற்கு அது இருக்கட்டும். மீதி எல்லாம் உனக்குத்தான் ஜோதி. கையெழுத்துப் போட்டதற்காக இல்லை. பயத்தில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள். பேஷண்ட்டு என்று சொன்னாயே, அதற்கு.

போலீஸில் எழுதிக் கொடுத்ததால் உன் வேலைக்கு ஏதும் ஆபத்து வரலாம் என்று ஜாஸ்மின் சொன்னாள். வராமல் இருக்கட்டும். அந்த வேலை அவர் முதுகில் வந்தது. அது போனால் அவர் சுமந்ததற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாஸ்மின் குழந்தையோடு உன்னைப் பார்க்க வருகிறாளாம். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. அவள் வந்தால் அன்றைக்கு அவர் வந்து நின்றதை ஒன்றும் விடாமல் சொல். என்ன சட்டை போட்டிருந்தார், குடை இருந்ததா, சாப்பிட்டிருந்த மாதிரி தெரிந்ததா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா. சொன்னார் என்றால் அது என்ன வார்த்தையோ அதையே சொல், நல்லதாக மாற்றாதே. சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்று சொல்.

அவள் வந்து என்னிடம் சொல்லட்டும். உன் வாயால் எனக்கு வேண்டாம்.

கிறிஸ்டினா